இரண்டு கோடு விழுந்தால் நல்ல பால்: ஓர் ஆய்வகக் கண்டுபிடிப்பு நிறுவனமான நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு 2016 முதல் 2024 வரை கொங்குப் பகுதியில் நடந்த ஒன்றைப் பற்றியது. ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக உருவான, பாலில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டை, பால் பண்ணைகள் காசு கொடுத்து வாங்கும் பொருளாக மாறியது. சம்பந்தப்பட்டவர்கள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கியிருக்கிறேன். நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலில் அறிவுசார் சொத்துப் பிரிவிலும் பிறகு தொழில் வளர் மையத்திலும் பணியாற்றியவன். இதில் வரும் தவறுகளில் இரண்டு என்னுடையவை.

பின்னணி

மாட்டுக்கு மடிநோய் வந்தால் கால்நடை மருத்துவர் பெரும்பாலும் பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் கொடுப்பார். ஊசியாகவோ, காம்பு வழியே மடிக்குள் ஏற்றும் குழல் மருந்தாகவோ. சிகிச்சை முடிந்த பிறகும் சில நாட்களுக்கு மருந்து பாலில் வந்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் கறக்கும் பாலை ஊற்றக் கூடாது என்பது விதி. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பால்தான் அந்த வாரத்து மளிகைச் செலவு என்பது நடைமுறை.

பென்சிலினுக்கு ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பும் வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம். இந்த அளவைச் சில நிமிடங்களில் காட்டும் இறக்குமதிப் பட்டைகள் ஏற்கெனவே சந்தையில் இருந்தன. ஆனால் விலை அதிகம்; குளிர்பதனப் பெட்டியில் வைத்தால்தான் தாங்கும். குறைந்த விலையில் உள்நாட்டிலேயே ஒன்றைச் செய்வது என்று 2016-ல் ஒரு பேராசிரியர் மத்திய அரசு நிதியில் ஆய்வுத் திட்டம் பெற்றார். அதில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தவர்தான் இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர்.

பட்டை வேலை செய்யும் விதத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நேர்ந்த பல சிக்கல்களுக்கு வேர் அதில் இருக்கிறது. நுண்ணிய தங்கத் துகள்களில் ஒட்டிய ஒரு புரதம் பாலோடு சேர்ந்து பட்டையில் ஊர்ந்து செல்லும். பாலில் மருந்து இல்லையென்றால் அந்தப் புரதம் வழியில் உள்ள சோதனைக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பாகக் கோடு தெரியும். மருந்து இருந்தால் புரதத்தை மருந்து முந்திக்கொண்டு பிடித்துவிடும், கோடு விழாது. பட்டை சரியாக ஓடியது என்பதைக் காட்ட மேலே இன்னொரு கோடு எப்போதும் விழும். ஆக இரண்டு கோடு விழுந்தால் நல்ல பால், ஒரு கோடு மட்டும் விழுந்தால் மருந்துள்ள பால்.

2019 ஜூலையில் ஒரு பன்னாட்டு இதழில் கட்டுரை வெளிவந்தது. எல்லாக் கட்டுரைகளையும் போல அதன் முதல் பத்தி பொதுச் சுகாதாரத்தையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் பற்றிப் பேசியது. கடைசி வரி, இந்தப் பட்டையைக் கிராமப் பால் சங்கங்களில் பயன்படுத்தலாம் என்று முடிந்தது. பின்னால் நாங்கள் செலவிட்ட இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அந்த ஒற்றை வரியிலிருந்து மீண்டு வரத்தான் ஆனது.

காப்புரிமை: காலம் கடந்து வந்த கோப்பு

2019 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தனது தேசியப் பால் ஆய்வை வெளியிட்டது. நாடு முழுவதும் எடுத்த 6,432 மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாடிக் வரம்பை மீறியிருந்தது. 368-ல் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. செய்தித்தாள்கள் இரண்டு வாரம் இதைப் பேசின. அந்தச் சூட்டில்தான் பேராசிரியரும் மாணவியும் கோப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வந்தார்கள்.

காப்புரிமை வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, "இதை வெளியில் எங்காவது சொல்லிவிட்டீர்களா?" 2018 டிசம்பரில் ஒரு மாநாட்டில் சுவரொட்டி, 2019 ஜூலையில் கட்டுரை என்று மாணவி சொன்னார். வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு ஒரு சிறிய சலுகை தருகிறது. கண்டுபிடித்தவரே கற்றோர் அமைப்பு ஒன்றின் முன் வாசித்த கட்டுரையும், அந்த அமைப்பின் வெளியீட்டில் வந்த அதே கட்டுரையும், 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், காப்புரிமைக்கு வேண்டிய புதுமையைக் கெடுக்காது. இந்தப் பிரிவை வைத்து மாநாட்டுச் சுவரொட்டிக்கு வேண்டுமானால் வாதாடிப் பார்க்கலாம். தனியார் இதழில் வந்த கட்டுரைக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. ஆனால் அங்கே விற்கும் எண்ணமே இல்லாத பொருளுக்கு அங்கே செலவு செய்வதில் பொருளில்லை. பட்டையின் மூலக் கருத்து கையை விட்டுப் போய்விட்டது என்பதை ஏற்றுக்கொண்டோம்.

பேராசிரியர் மீது பழி போடுவது எளிது. அவருடைய பதவி உயர்வுக்குக் கணக்கில் வந்தவை கட்டுரைகள்தான். மாணவி பட்டம் பெறவும் கட்டுரை கட்டாயம். எங்கள் பிரிவோ அதே வளாகத்தில், அவர்கள் ஆய்வகத்திலிருந்து 300 மீட்டர் தூரத்தில் இருந்தது. மூன்று ஆண்டுகளில் ஒரு முறையாவது நான் படியிறங்கிப் போய் "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டதில்லை. படிவம் வந்தால் பார்ப்பது, வராவிட்டால் இருப்பது என்பதே எங்கள் வழக்கம். என் முதல் தவறு இது.

மிச்சம் என்ன இருக்கிறது என்று தேடியபோது மாணவி தன் ஆய்வேட்டின் ஐந்தாவது இயலைக் காட்டினார். தங்கத் துகளையும் புரதத்தையும் பட்டையில் உலர்த்தும்போது சில சர்க்கரைகளையும் ஓர் உப்பையும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்தால் வெப்பத்தில் அதிக நாள் தாங்குகிறது என்பது அதன் சாரம். அது எங்கும் வெளியாகவில்லை. ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டு, ஆய்வேடுகளை இணையத்தில் பொதுவில் வைக்கும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏறிவிட்டால் அதுவும் வெளியீடாகிவிடும். ஆகவே ஒப்படைக்கும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைத்து, 2020 பிப்ரவரியில் தற்காலிக விவரக் குறிப்போடு விண்ணப்பத்தைப் பதிவு செய்தோம். முழு விவரக் குறிப்பைக் கொடுக்க 12 மாதம் கிடைத்தது.

அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. ஆய்வகம் பூட்டப்பட்டது. குளிர்சாதனம் நிறுத்தப்பட்டது. அவசரத்தில் அலமாரியில் விட்டுவந்த பட்டைகள் ஏப்ரல், மே வெயிலை அப்படியே வாங்கின. செப்டம்பரில் திறந்து பார்த்தபோது பழைய முறையில் உலர்த்தியவற்றில் கோடு வெளிறிப்போயிருந்தது. சர்க்கரைக் கலவையில் உலர்த்தியவை பெரும்பாலும் தப்பியிருந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்யத் துணியாத சோதனையை ஊரடங்கு செய்து கொடுத்தது. அதைப் பார்த்த பிறகு, வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தி அதே ஒப்பீட்டை முறையாகத் திரும்பச் செய்தோம். வெறும் கலவைக்குக் காப்புரிமை இல்லை என்று சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்வதால், கலவை தனித்தனிப் பொருள்களின் கூட்டுத்தொகையைவிட அதிகம் செய்கிறது என்று காட்ட அந்தத் தரவு பின்னால் உதவியது. 2023 இறுதியில் காப்புரிமை கிடைத்தது.

களத்தில் கண்டது

நிறுவனம் பதிவு செய்யும் முன் நாற்பது இடங்களுக்காவது போய்வர வேண்டும், போகும் இடத்தில் பட்டையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது தொழில் வளர் மையம் வைத்த நிபந்தனை. மாணவி 2020 அக்டோபரிலிருந்து நான்கு மாதம் அலைந்தார். நானும் சில இடங்களுக்கு உடன் சென்றேன்.

முதலில் சென்றவை கிராமச் சங்கங்கள். காலை ஐந்தரை மணிக்கு ஆட்கள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். பாலை அளந்து, கொழுப்பும் இதர சத்தும் பார்த்து, கேனில் ஊற்றி, அட்டையில் குறித்துக் கொடுக்க ஒருவருக்கு அரை நிமிடம்கூட ஆகாது. எங்கள் பட்டைக்கு எட்டு நிமிடம் வேண்டும். ஒரு சங்கத்தில் 110 பேர் இரு வேளையும் ஊற்றினார்கள்; ஆளுக்கு ஒரு வேளைக்குச் சராசரி ஐந்து லிட்டர். ஒவ்வொருவர் பாலையும் சோதிக்க நாளொன்றுக்கு 220 பட்டைகள் வேண்டும். நாங்கள் கணக்கிட்டிருந்த 70 ரூபாய் விலையில் 15,400 ரூபாய் ஆகும். அங்கே சேரும் பால் 1,100 லிட்டர். லிட்டருக்கு 14 ரூபாய் சோதனைச் செலவு! இந்தப் பெருக்கலைப் போட ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மூன்று ஆண்டு ஆய்வில் எங்களில் ஒருவர்கூடப் போடவில்லை.

விலை மட்டும் குறைந்தால் போதும் என்றுதான் மாணவி அன்று மாலைவரை நம்பினார். அந்தச் சங்கத்தின் செயலாளர் தேநீர் கொடுத்துவிட்டு, பொதுவாகப் பேசுவது போல ஒன்றைச் சொன்னார்: "எவனாவது பாலில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டால் நான் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் அவன் எதிர்த்த வீட்டுத் தனியார் முகவரிடம் ஊற்றுவான். அவன் தங்கை என் மச்சான் வீட்டில் வாழ்கிறாள். எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது." தெரியாமல் இருப்பதில் லாபம் உள்ளவரிடம் போய், தெரியவைக்கும் பொருளை விற்க முனைந்திருந்தோம்.

திருப்பம் ஒரு தயிர், பன்னீர் தயாரிப்பு ஆலையில் வந்தது. அங்கே கொள்முதல் மேலாளராக 26 ஆண்டுகள் இருந்தவர், ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்த நேரம். ஆன்டிபயாடிக் பற்றி மாணவி சுற்றிவளைத்துக் கேட்டதும் அவர் சிரித்தார். "கண்ணு, அரசாங்க வரம்பெல்லாம் எனக்கு மனப்பாடம் இல்லை. கப்பில் உறை ஊற்றி அடைத்த பால் ஐந்து மணி நேரம் கழித்தும் பாலாகவே நின்றால் அன்றைக்கு என் உயிர் போய்விடும். போன மாதம் ஐயாயிரம் லிட்டர் அப்படி நின்றது." தயிராக்கும் பாக்டீரியாவும் பாக்டீரியாதான், பென்சிலின் அதையும் விட்டுவைக்காது. கட்டுரையின் முதல் பத்தி மக்கள் நலனைப் பேசியது. இங்கே நஷ்டம் யாருக்கு, எத்தனை ரூபாய், எந்த இரவில் என்று ஒருவர் விரல் விட்டு எண்ணினார். அந்த ஆலைக்குள் வரும் டேங்கர் ஒன்றில் பத்தாயிரம் லிட்டர் பால். ஒரு பட்டை போதும். லிட்டருக்கு ஒரு பைசாகூட ஆகாது.

அதில் இருந்த அபாயத்தையும் அவரே சொன்னார். டேங்கருக்கு ஒரு பட்டை என்றால் ஓர் ஆலைக்கு நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்துதான் விற்கும். அவ்வளவு சின்ன விற்பனையில் நிறுவனம் எப்படிப் பிழைக்கும்? பல நாள் விவாதத்துக்குப் பிறகு எடுத்த முடிவு இது. ஆலையில் டேங்கருக்கு ஒரு பட்டை. அது ஒரு கோடு காட்டினால், எந்தக் குளிர்விப்பு நிலையத்திலிருந்து, எந்தச் சங்கத்திலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டறிய ஒரு தனித் தொகுப்பு. அந்தத் தேடலுக்கான செலவு ஆலையுடையது. சங்கச் செயலாளர் யாரையும் தானாகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கேள்வி மேலிருந்து வரும். அவர் மச்சான் வீட்டோடு அவருக்குப் பகையும் வராது.

களத்தில் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தன. ஆய்வகத்தில் எல்லாச் சோதனைகளும் கடையில் வாங்கிய பசும்பாலில் நடந்திருந்தன. எருமைப் பால் கலந்து வந்த டேங்கரில் கொழுப்பு பட்டையை அடைத்து ஓட்டத்தை மந்தமாக்கியது. உறிஞ்சும் முனையில் வேறொரு வடிகட்டித் தாளை வைத்துச் சரிசெய்ய ஆறு வாரம் ஆனது. இன்னொன்று தாளால் தீரும் சிக்கலாக இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பங்கு பிரித்தது

நிறுவனம் பதிவாக வேண்டிய நேரம். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு நான்கு மாதமாக வரவேயில்லை. மாணவியிடம் கேட்டால் "சார் பார்த்துச் சொல்வார்" என்றார். பேராசிரியரிடம் கேட்டால் "அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டுமோ கேட்கட்டும்" என்றார். ஆராய்ச்சி வழிகாட்டி கையெழுத்துப் போட்டால்தான் பட்டம் என்ற உறவில் ஐந்து ஆண்டு இருந்த ஒருவர், அதே மனிதரிடம் "உங்களுக்கு இவ்வளவுதான்" என்று எப்படிச் சொல்வார்? ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த மரியாதை உண்மையானது. அந்த மரியாதைதான் பேச்சை அடைத்து வைத்திருந்தது.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, ஒரே மாதிரியான கேள்விகளுக்குத் தனித்தனியே எழுதித் தரச் சொன்னேன். முழுநேரம் யார் வருவது? பதினெட்டு மாதம் சம்பளம் வராவிட்டால் யார் தாங்குவது? வங்கிக் கடனுக்கு யார் கையெழுத்து? கடைசியில் பங்கு விகிதம். பேராசிரியர் தனக்கும் மாணவிக்கும் சரிபாதி என்று எழுதியிருந்தார். மாணவி முதல் மூன்று கேள்விக்கும் "நான்" என்று எழுதிவிட்டு, நான்காவதைக் காலியாக விட்டிருந்தார். இரண்டு தாளையும் அருகருகே வைத்ததும் பேராசிரியர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவரே தன் எண்ணை அடித்து 15 என்று எழுதினார்.

முடிவில் மாணவிக்கு 60, பேராசிரியருக்கு 15, ஓய்வுபெற்று நிறுவனத்தில் சேர்ந்த கொள்முதல் மேலாளருக்கு 15, பல்கலைக்கழகத்துக்கு 5, பின்னால் வரும் ஊழியர்களுக்கு 5 சதவீதம். பல்கலைக்கழகத்தின் பங்கை முடிவு செய்யக் கையில் ஓர் அளவுகோல் இருந்தது: 2019-ஆம் ஆண்டின் தேசியப் புத்தாக்க மற்றும் தொடக்க நிறுவனக் கொள்கை, கல்வி நிறுவனம் தரும் ஆதரவுக்கு ஈடாக 2 முதல் 9.5 சதவீதம்வரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நிறுவனர்களின் பங்கு நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும், நடுவில் விலகினால் மீதி திரும்பும் என்றும் எழுதினோம். இது மாணவிக்கும் பொருந்தும் என்றதும் அவர் முகம் சுருங்கியது, பிறகு ஒப்புக்கொண்டார்.

காப்புரிமை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம் என்பதால் நிறுவனம் அதை உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்த முடியும். முன்பணத்தைச் சிறிதாக வைத்து, விற்பனையில் 4 சதவீதம் உரிமத்தொகை என்று முடிவானது. பேராசிரியர் கட்டுரை எழுதத் தடையில்லை. ஆனால் அனுப்பும் முன் 90 நாள் நிறுவனத்தின் பார்வைக்கு வைக்க வேண்டும். பேராசிரியர் பங்கு வைத்துக்கொள்ள ஆட்சிக்குழு அனுமதி தர ஏழு மாதம் எடுத்தது. அதுவரை நிறுவனம் அவர் இல்லாமலேயே ஓடியது. 2021 மார்ச்சில் பதிவு. அந்த ஆண்டே, உயிர்த்தொழில்நுட்பத் தொழில்களுக்கு உதவும் மத்திய அரசின் பைராக் அமைப்பின் 50 லட்சம் ரூபாய் வரையிலான தொடக்க நல்கை கிடைத்தது. ஈரம் நீக்கும் கருவி பொருத்திய ஒரு சிறிய உற்பத்தி அறைக்கும் இரண்டு பேர் சம்பளத்துக்கும் அது போதுமானதாக இருந்தது. பட்டைக்கான நைட்ரோசெல்லுலோஸ் தாள் மட்டும் மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. உலகமே கொரோனா சோதனைப் பட்டை செய்துகொண்டிருந்த காலம் அது.

2022 மே: திரும்பிப் போன டேங்கர்

முதலில் நான்கு ஆலைகள் பட்டையைச் சோதனை முறையில் வாங்கின. மே மாதம் ஒரு நள்ளிரவு, அவற்றில் ஒன்றில் 9,000 லிட்டர் டேங்கர் ஒரு கோடு காட்டியதால் நிறுத்தப்பட்டது. பால் பின்னர் பவுடர் ஆலைக்குக் குறைந்த விலைக்குப் போனது. மூன்று நாள் கழித்து வெளி ஆய்வகத்தின் அறிக்கை வந்தது: பாலில் மருந்து எதுவும் இல்லை.

காரணம் கண்டுபிடிக்க மாணவியும் மேலாளரும் அந்த ஆலையில் மூன்று இரவு தங்கினார்கள். வேதியியலில் பிழை இல்லை. பால் இறக்கும் இடத்தில் இருப்பவர்களின் கை எப்போதும் நனைந்திருக்கும். ஈரக் கையால் அலுமினியத் தாள் உறையைக் கிழிப்பது சிரமம். அதனால் பணி தொடங்கும்போதே அன்றிரவுக்குத் தேவையான பட்டைகளை எல்லாம் உறையிலிருந்து எடுத்து ஒரு தட்டில் அடுக்கிவைத்துக்கொண்டார்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடத்தில் நான்கு மணி நேரம் ஈரத்தைக் குடித்த பட்டையில் சோதனைக் கோடு விழவில்லை. கோடு விழாவிட்டால் மருந்து என்று பொருள். எங்கள் பட்டை கெட்டுப்போனால் நல்ல பாலைக் கெட்ட பால் என்று சொல்லும்படி அதன் அடிப்படையே அமைந்திருக்கிறது.

நான் மேலே நிறுத்திவைத்த இன்னொரு சிக்கலும் அங்கேதான் முழுதாகப் புரிந்தது. கொரோனா காலத்தில் நாடே இரண்டு கோடு விழுந்தால் தொற்று என்று படித்துவைத்திருந்தது. எங்கள் பட்டையில் இரண்டு கோடு நல்லது. அதற்கு முந்தைய வாரம் இரண்டு கோடு கண்ட ஒருவர் நல்ல பாலை நிறுத்தி, மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கியிருந்தார். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. உறையில் ஈரக் கைக்கும் பிடி கிடைக்கும் அளவுக்கு அகலமான வெட்டு வைப்பது. ஒரு கோடு விழுந்தால் அதே பாலைப் புதிய இரண்டு பட்டைகளில் திரும்பச் சோதித்த பிறகே டேங்கரை நிறுத்துவது என்று எழுதிக் கொடுப்பது. அந்த இரண்டு பட்டைகளுக்கு விலை இல்லை. பெட்டியின் மேல் அறிவியல் சொற்களை எல்லாம் நீக்கிவிட்டு, "இரண்டு கோடு – இறக்கு. ஒரு கோடு – நில்" என்று பச்சையிலும் சிவப்பிலும் அச்சிடுவது.

நஷ்ட ஈடு தரும் கடமை ஒப்பந்தத்தில் இல்லை. மாணவி தர வேண்டும் என்றார். நல்கைப் பணத்தை இதற்குத் தொடக் கூடாது. 1,80,000 ரூபாயை அவர் நகைக் கடன் வாங்கிக் கொடுத்தார். அடுத்து, மற்ற மூன்று ஆலைகளுக்கும் நடந்ததைச் சொல்லி, அவர்கள் கையில் இருக்கும் பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். நான் தடுத்தேன். குறை பட்டையில் இல்லை, கையாண்ட விதத்தில்தான். நாமே போய் ஏன் பயமுறுத்த வேண்டும் என்று வாதாடினேன். மேலாளர் என்னைப் பார்த்து, "தம்பி, டேங்கர் ஓட்டுநர்கள் எல்லா ஆலைக்கும் போகிறவர்கள். நேற்றே தெரிந்திருக்கும். நாம் சொல்கிறோமா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்றார். அவர் சொன்னது சரி. என் இரண்டாவது தவறு அது. மூன்றில் ஓர் ஆலை விலகியது. இரண்டு நின்றன. நஷ்டப்பட்ட ஆலையும் நின்றது. அது இன்றும் வாங்குகிறது.

பின்னர் நடந்தது

2023 முழுவதும் ஆலைகள் திரும்பத் திரும்பக் கேட்டது வேறொன்றை: அஃப்ளாடாக்சின் எம்1 பார்க்கும் பட்டை. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கையோ பருத்திப் புண்ணாக்கையோ மாடு தின்றால் அந்த நச்சு உருமாறிப் பாலில் வரும், காய்ச்சினாலும் போகாது. இந்திய வரம்பு ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். 2019 அறிக்கையில் ஆன்டிபயாடிக் மீறல் 77, இது 368 என்று எங்கள் கண்முன்னேயே இருந்தது. சிறிய எண்ணைப் பிடித்துக்கொண்டு பெரிய எண்ணை விட்டிருந்தோம்; ஆய்வகத்தில் இருந்தது சிறிய எண்ணுக்கான பட்டை என்பது மட்டுமே காரணம்.

வெளியில் விலைக்கு வாங்கிய நோயெதிர்ப்புப் புரதத்தைக் கொண்டு நிறுவனமே இரண்டாவது பட்டையை உருவாக்கியது. உலர்த்தும் கலவை மட்டும் பழையது, பல்கலைக்கழகக் காப்புரிமைக்கு உட்பட்டது. அதற்கும் முழு 4 சதவீதம் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவு கேட்டது. பொருளின் உயிர் நாங்கள் வாங்கிய புரதம் என்று நிறுவனம் சொன்னது. "காப்புரிமையைப் பயன்படுத்தும் எந்தப் பொருளுக்கும்" என்ற உரிம வாசகம் இரண்டு பக்கமும் இழுபட்டது. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒன்பது மாதம் கழித்து 2 சதவீதத்தில் முடிந்தது. அந்தக் காலத்தில் ஒரு முதலீட்டாளர் காத்திருந்து விலகிவிட்டார்.

2024 இறுதியில் 14 தனியார் ஆலைகள் தொடர்ந்து வாங்கின. ஒன்பது பேர் வேலை செய்தார்கள். விற்பனையில் பாதிக்கு மேல் இரண்டாவது பட்டையிலிருந்து வந்தது. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில்தான் நிறுவனம் முதன்முறையாகக் கையைக் கடிக்காமல் ஓடியது. கட்டுரையின் கடைசி வரி குறிப்பிட்ட கிராமச் சங்கங்களில் ஒன்றுகூட இன்றுவரை ஒரு பெட்டி வாங்கவில்லை. ஆனால் பின்னோக்கித் தேடும் தொகுப்பு வழியாக இரண்டு பால் வழித்தடங்களில் மடிநோய் சிகிச்சையில் உள்ள மாடுகளின் பாலை அந்த நாட்களுக்குத் தனியாக வாங்கி ஒதுக்கி, அதற்குப் பாதி விலை தரும் வழக்கத்தை ஓர் ஆலை தொடங்கியிருக்கிறது. ஒளித்து ஊற்ற வேண்டிய அவசியம் அந்த வீடுகளுக்குக் குறைந்திருக்கிறது. அந்த யோசனை மேலாளருடையது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

உரிம ஒப்பந்தத்தில், பொருளின் எந்தப் பகுதி காப்புரிமையிலிருந்து வருகிறதோ அதற்கேற்ப விகிதம் குறையும் என்ற ஒரு பத்தியை முதலிலேயே எழுதியிருந்தால் ஒன்பது மாதமும் ஒரு முதலீட்டாளரும் மிஞ்சியிருப்பார்கள். இப்போது எல்லா ஒப்பந்தங்களிலும் எழுதுகிறோம்.

பங்குத் தாளை நிறுவனம் பதிவாகும்போது கொடுப்பதற்குப் பதிலாக, கண்டுபிடிப்பைப் பதிவு செய்யும் நாளிலேயே கொடுக்கிறோம். சில பேராசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒருவர் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

களப் பயணத்தை மாணவி 2017-லேயே செய்திருக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். அப்போது போயிருந்தால் பட்டையையே செய்திருக்க மாட்டேன், பயந்து வேறு தலைப்புக்கு மாறியிருப்பேன் என்றார். அவர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் மறுக்கவும் என்னிடம் ஆதாரம் இல்லை.

எங்கள் கண்டுபிடிப்புப் படிவத்தில் 2022-இல் ஒரு புதிய கட்டம் சேர்த்தோம்: "இந்தப் பொருள் இல்லாததால் இன்று யாருக்கு, எவ்வளவு ரூபாய் நஷ்டம்?" வரும் படிவங்களில் பாதிக்கு மேல் அந்தக் கட்டம் காலியாகவோ, "சமுதாயத்துக்கு" என்ற ஒற்றைச் சொல்லோடோதான் வருகிறது. அவற்றை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நானே அந்த ஆய்வகத்துக்கு இறங்கிப் போகிறேன்.